நான்காவது கட்டம்

டுலூத் துறைமுகத்தில் பனி உடைக்கும் கப்பல்
ஊதிக்கொண்டே இருக்கும் மாலைகளில்
பதினோராம் பக்கத்தை அடுக்குகிறவள் நான்.
மேலே ராசிபலன், கீழே குறுக்கெழுத்து,
நடுவில் வெண்டல்.

முப்பத்தோரு வருடம்
திங்கள் முதல் சனி வரை
பௌலிங் பந்தை ஓரக் கால்வாயில் விட்டவன்.
முதல் கட்டத்தில் மீசையைத் தடவுவான்.
இரண்டில் ஓடிவருவான்.
மூன்றில் விரல் சிக்கி, பந்து அவனையும் இழுத்துப் போகும்.
நான்கில் தொபீர்.
தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம்
(எண்ணியிருக்கிறேன், எப்போதும் ஐந்து).
அதே கோடு போட்ட சட்டை.
அவன் மகள் முப்பத்தோரு வருடமும்
ஐந்தாம் வகுப்பில்.

ஊருக்கு அது போதும்.
மைனஸ் இருபதில் வண்டி கிளம்பாத காலையில்
நம்மைவிட மோசமாய் விழுகிறவன் ஒருவன்,
ஆறங்குல நீளத்தில்.

பிப்ரவரியில் ஆர்வோ கெட்டுனெனின் உறை வந்தது.
மூன்று கட்டம் வழக்கம்போல.
நான்காவதில் வெண்டல் பெஞ்சில் உட்கார்ந்து
அவிழ்ந்த ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவ்வளவுதான்.
ஏதோ விட்டுப்போயிற்று என்று
உறையைக் கவிழ்த்து உதறினேன்.

புதன்: முடிச்சு விழவில்லை.
வியாழன்: மனைவி குனிந்து கட்டிவிடுகிறாள், முகம் தெரியாமல்.
வெள்ளி: டாக்டரின் வரவேற்பறை, ஒரு மீன்தொட்டி.
சனிக்கிழமை வசனமே இல்லை.
மீன் மட்டும்.

கடிதங்கள் வந்தன.
"சிரிக்கத்தான் காசு கொடுக்கிறேன்,
அழுவதற்கு என் வீட்டிலேயே ஆள் இருக்கிறது"
என்றது ஹெர்மன்டவுன்.
ப்ராக்டரிலிருந்து ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர்
ஒற்றை வரி எழுதியிருந்தார்:
பந்தை அவன் கையில் திருப்பிக் கொடுங்கள்.
ஆசிரியர் ஹால்வர்சன் எல்லாவற்றையும்
ஒரு ஷூ பெட்டியில் போட்டு மூடினார்.
மார்ச்சில் மகள் கார் ஓட்டினாள்,
அப்பாவை ஆஸ்பத்திரிக்கு.
ஐந்தாம் வகுப்பு என்ன ஆயிற்றென்று
யாருமே கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.
அசல் படம் பெரிது, நாங்கள் சுருக்குவோம்.
சுருக்கினால் நடுக்கம் மறைந்துவிடும்.
பௌலிங் தளத்தின் நீளக் கோடு
ஒரே இழுப்பில் வந்துகொண்டிருந்தது.
அக்டோபரிலிருந்தே
அதில் ரம்பத்தின் பல் முளைத்திருந்தது.
பாவம், ஆர்வோவின் கை என்று நினைத்தேன்.

ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போன் செய்தேன்.
எடுத்தது அவர் மனைவி ஐலி.
"அவருக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.
பென்சில்தான் அவர். மை நான்."
எப்போதிலிருந்து?
"முதல் நாளிலிருந்து."
அந்தத் தொபீர்?
"அதுவும் நான்தான்" என்று சிரித்தாள்.
பிறகு,
சமையலில் உப்புப் பார்த்துச் சொல்வது போல,
"நட்சத்திரத்தைக் கை எடுக்காமல் போட வேண்டும்.
இப்போது வருவதில்லை.
அதனால் நட்சத்திரம் வேண்டாத கதையாக
எழுதிக் கொடுக்கிறார்."

படத்தின் ஓரத்தில்
முப்பத்தோரு வருடமாக ஒரே கையெழுத்து.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவளும் எடுக்கவில்லை.

அன்று இரவு படத்தைச் சுருக்காமல் வைத்தேன்.
இடம் போதவில்லை.
ராசிபலனின் கடைசி இரண்டை வெட்டினேன்.
ஒவ்வொரு கோடும் நடுங்குவது
மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

காலையில் மீன ராசிக்காரர் ஒருவர்
கோபமாகக் கூப்பிட்டார்,
என் நாள் எங்கே என்று.
கொஞ்சம் கீழே பாருங்கள் என்றேன்.